ஊதத் தெரியவில்லை என்று எழுதினேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில், எங்கள் விருதுநகர் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்தது இது. நான் அப்போது எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்களைப் போன்ற பயிற்சி மருத்துவர்கள் மூன்று மாதம் ஏதாவது ஒரு மாவட்டத்து மருத்துவமனையில் போய் வேலை பார்க்க வேண்டும். பட்டியலில் எனக்குச் சொந்த மாவட்டமே விழுந்தது. வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே என்று நண்பர்கள் பொறாமைப்பட்டார்கள். எனக்கோ வருத்தம்.

காரணம் இருந்தது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் என்று ஏதாவது ஒரு பிரிவை நாங்கள் அந்த வருடம் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் அந்தப் பிரிவிலேயே தனிப்பயிற்சி. பிற்பாடு மேற்படிப்பு எந்தப் பக்கம் என்பதும் அநேகமாக அதோடு முடிவாகிவிடும். இதயத்துக்குத்தான் போட்டி. நானும் இதயம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். பேராசிரியர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டிய நேரத்தில், மூன்று மாதம் ஊர்ப்பக்கம் போனால் மறந்துவிடுவார்களே என்று பயம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுபவர். அம்மா பட்டாசு கம்பெனியில் மருந்து செலுத்துபவர், அதாவது வெடிக்குழாய்களுக்குள் கலவையை நிரப்புகிறவர். எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே அப்பா டீக்கடையில் “எம் மகன் ஹார்ட் டாக்டர்” என்று சொல்லிவைத்துவிட்டார். கல்லூரியில் யாராவது வீட்டைப் பற்றிக் கேட்டால், “அப்பா சொந்தமா தொழில் பண்றாங்க” என்று நான் சொல்லி வந்தேன். அம்மாவைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன்.

மருத்துவமனையில் என்னை நுரையீரல் பரிசோதனை அறையில் போட்டார்கள். அங்கே ஒரு சின்ன மிஷின். மூச்சை முழுசாக இழுத்து, குழாயில் வாயை வைத்து, ஒரே மூச்சில் வேகமாக ஊத வேண்டும். ஆறு விநாடியாவது விடாமல் ஊதினால்தான் மிஷின் ஏற்றுக்கொள்ளும். மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அது கோடு போட்டுக் காட்டும். வந்தவர்களில் பாதிப்பேர் பட்டாசு வேலை பார்க்கும் பெண்கள். அவர்களுக்குத்தான் சோதனை சரியாக வரவே இல்லை. உதட்டைக் குவித்து, சூடு ஆறாத தோசைக்கு ஊதுவதைவிட மெதுவாக ஊதினார்கள். சிலர் ஊதும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று, ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க என்று தொண்டை வற்றக் கத்துவேன். மூன்று தடவை பார்ப்பேன். பிறகு தாளில் ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடுவேன். ஊதக்கூடத் தெரியவில்லையே என்று மனசுக்குள் ஓர் இளக்காரமும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்படி நான் எழுதி அனுப்பியவர்களில் வெம்பக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். இரண்டு பிள்ளைகள். மாதக்கணக்கில் இருமல், கம்பெனியின் மருந்து அறையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டல். சளிச் சோதனையில் காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. பட்டாசுப் பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றிவிடும்படி போர்மேனிடம் கேட்டிருக்கிறார். தீபாவளி சீசன் நேரத்தில் கேட்டவுடன் மாற்ற முடியாது, டாக்டர் தாள் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். சோதனை சரியாக வராமல் நான் எதை வைத்துத் தாள் எழுதுவது? இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

மூன்றாவது முறை வந்தபோது குழாயைக் கையில் வாங்கவில்லை. என் தாளை மேசையில் விரித்து வைத்தார்.

“நான் ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்கீகளாமே சார். எங்க தெருவுல காலேஜ் படிக்கிற பிள்ளை வாசிச்சுச் சொல்லுச்சு.”

ஊதச் சொன்னால் ஊதவில்லை, மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை, அதற்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்றேன்.

“விடியக்காலம் எந்திரிச்சு சோறாக்கி வச்சுட்டு, ரெண்டு பஸ் மாறி, சீசன்ல வேலைய விட்டுட்டு மூணாந்தடவை வந்து நிக்கேன். இதுக்கு மேல எப்பிடி சார் ஒத்துழைக்கிறது?”

குரலைத் தணித்துக்கொண்டு, பிறகு ஏன் முழு மூச்சையும் விட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். அங்கே வேலைக்கு வந்த மூன்று வாரத்தில் யாரிடமும் நான் கேட்காத கேள்வி அது.

“வேணும்னேவா செய்றேன்? வாய் வர மாட்டேங்குது. பதினோரு சீசனா மருந்து ரூம்ல உக்காந்திருக்கேன். அங்கன ஊதப்படாது, பறக்குற மருந்து எதுல உரசினாலும் தீப்பிடிச்சிரும். மேசையில தூசி கிடந்தாலும் ஊதப்படாது, ஈரத்துணிய வச்சு ஒத்தித்தான் எடுக்கணும். தும்மல் வந்தா வெளிய ஓடிருவோம். புதுசா வந்த பிள்ளை ஒண்ணு கையில ஒட்டுன மருந்த ஊதிவிட்டுச்சு, அன்னைக்கே அதை ரூம விட்டு மாத்திட்டாக. நீங்க என்னடான்னா தம் கட்டி ஊதுங்கீக.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க எந்த ஊரு சார், இதுகூடத் தெரியாம?” என்றார்.

கேட்ட மாத்திரத்தில் எனக்குச் சின்ன வயது ஞாபகம் ஒன்று வந்தது. அம்மா எனக்குப் பாலை ஊதி ஆற்றிக் கொடுத்ததே இல்லை. கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் நோட்டை எடுத்து விசிறுவார். நான் ஊதினால் டம்ளரைப் பிடுங்கிக்கொள்வார். எச்சில் தெறிக்கும் என்பதற்காக என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

என் ஊரைச் சொன்னேன். என் அம்மாவும் மருந்து செலுத்தும் வேலைதான் பார்க்கிறார் என்றும் சொன்னேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிறகு வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப எங்கள இந்தப் பாடு படுத்துறதுக்கு முன்னாடி உங்க அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தம்பி” என்றார். ‘சார்’ அந்த இடத்தோடு போய்விட்டது.

எங்கள் பரிசோதனை அறையும் ஒரு காரணம் என்று அவர்தான் சொன்னார். நாலு சுவர், நடுவில் மேசை, பக்கத்தில் நின்று கண்காணிக்க ஓர் ஆள். கம்பெனி அறை மாதிரியே இருக்கிறதாம். மிஷினை வெளித் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு தாளை நீளமாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, அதை ஊதிப் பறக்கவிடச் சொன்னேன். சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் தடவை தாள் இலேசாக நடுங்கியது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர், “கல்யாண நாயனக்காரர் மாதிரி கன்னத்தை உப்பும்மா” என்று சொல்ல, அக்காவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் உட்கார வைத்தோம். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை தாள் படீரென்று மேலே போய்க் கம்பியில் சுற்றிக்கொண்டது.

உடனே குழாயைக் கொடுத்தேன். ஊதினார். அடிவயிற்றிலிருந்து, கண்ணில் நீர் வர, மிஷின் போதும் என்று சத்தம் கொடுக்கும்வரை ஊதினார். கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. மூச்சுக்குழாய் நன்றாகவே சுருங்கியிருந்தது. மூச்சில் உறிஞ்சும் மருந்து கொடுத்து இருபது நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னேன். இந்தத் தடவை கோடு முன்பைவிட உயரமாக வந்தது. மருந்துக்கு மூச்சுக்குழாய் விரிகிறது. ஆஸ்துமா. தூசியை விட்டு விலகி, மருந்தை ஒழுங்காக எடுத்தால் கட்டுக்குள் நிற்கும். மூத்த மருத்துவரிடம் காட்டி, அவர் கையெழுத்தோடு தாள் வாங்கிக் கொடுத்தேன். என் பழைய தாளை அக்காவின் கண் முன்னாலேயே அடித்துத் திருத்தினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றிவிட்டார்களாம், ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காராமல் படுத்துத் தூங்குகிறாராம். பின்னால் மூன்று பெண்கள் நின்றார்கள்.

“இவுகளும் நீங்க எழுதின ஒத்துழைக்காதவுகதான். நானே ஊதப் பழக்கிக் கூட்டியாந்திருக்கேன்” என்றார்.

மூவருக்கும் சோதனை சரியாக வந்தது. பழைய பதிவேட்டைத் தேடி, நான் அப்படி எழுதி அனுப்பிய மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். இரண்டு பேரைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.

கல்லூரிக்குத் திரும்பியதும் துறைக் கூட்டத்தில் ஆளுக்கொரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் இதைச் சொன்னேன், அப்படி எழுதியது என் தப்பு என்பதையும் சேர்த்து. முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர், உள்ளூர்க்காரனான நீ ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று கேட்டார். “என் அம்மா இருபது வருடமாக அந்த வேலைதான் பார்க்கிறார், சார். நான்தான் அதைப் பற்றி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை” என்றேன். எனக்குக் குரல் நடுங்கவில்லை. அன்று மாலையே விண்ணப்பத்தில் இதயத்தை எடுத்துவிட்டு நுரையீரல் என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது, “ஊர் பூரா ஹார்ட்டுன்னு சொல்லிட்டேனேப்பா” என்றார். பக்கத்திலிருந்து அம்மா என்னவோ சொல்வது கேட்டது. மறுபடி அப்பா வந்தார். “சரி, ரெண்டும் நெஞ்சுக்குள்ளதான கிடக்கு. நெஞ்சு டாக்டருன்னு சொல்லிக்கிடுறேன்.”

இப்போது நான் அந்த நெஞ்சுப் பிரிவில்தான் மேற்படிப்பில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் என்ன வேலை, எத்தனை வருடம் என்று கேட்டு நிரப்பும் படிவத்தில், என் பேராசிரியர் சம்மதத்தோடு ஒரு வரி கூடியிருக்கிறது: உங்கள் வேலையில் எதைச் செய்யவே கூடாது என்பார்கள்? எனக்குப் பின் வந்த இளைய மருத்துவர்கள் அதைச் சாதாரணமாகக் கேட்டு எழுதிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம், நான் படித்த எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்திராத ஒரு கேள்வி என் அம்மாவைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருக்கிறது.