வேலிக்கு அப்பால் நின்ற வான்கோழி

செபமாலை அண்ணை போய்விட்டார் என்பதை அவருடைய மனைவி பிலோமினா அக்காதான் ரெலிபோனில் சொன்னார். நான் அப்போது குளிர்கால உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் முடியவில்லை. ஆனாலும் நான் எதையும் முற்கூட்டியே செய்கிறவன்; நில அளவையாளனாக இருந்ததால் எல்லோருக்கும் 'சேவையர்'. அக்கா அழவில்லை. "சேவையர், அவர் விடியப்புறம் போட்டார். நித்திரையிலை," என்றார். பிறகு, "அந்தத் துவக்கு அலுமாரிக்குள்ளை பூட்டிக் கிடக்கு. ஆரிட்டைக் குடுக்கவேணும் எண்டு உங்களுக்குத்தானே தெரியும்," என்றார். துப்பாக்கியை ஒப்படைப்பதற்கான ஒழுங்குகளை அன்றே விசாரித்துச் சொன்னேன். இழவு நடந்த வீட்டுக்கு ஒரு நண்பன் செய்யவேண்டிய முதற் காரியம் அதுதானா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் எழுதவேண்டும் என்று அக்கா கேட்டபோது தயங்கினேன். அண்ணையை மன்னாரில் தபாலதிபராக அறிந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். கோவிற் பாடகர் குழுவில் அவருடைய கனத்த குரலைக் கேட்டவர்களும், கனடாவுக்கு வந்தபின் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அவருடன் நின்று வேலை செய்தவர்களும் இருக்கிறீர்கள். ஆனால் வசந்த காலத்தில் அவர் வான்கோழி வேட்டைக்குப் போனபோது கூடப் போனவன் நான் ஒருவன்தான். நீங்கள் எல்லோரும் சிரித்த விடயம் அது. ஆகவே அதைப்பற்றியே எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்காரத் தோழர் காட்டு வான்கோழியைப் பற்றிச் சொல்லப்போய்த்தான் அண்ணைக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அப்போது அவருக்கு அறுபது கடந்திருந்தது. வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார், பிறகே துவக்கு வாங்கினார். ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீங்கள் காசு குடுத்து வாங்கிறியள்!" என்றார்கள். அண்ணை கோபிக்கவில்லை. "ஓம், அங்கை துவக்கு வைச்சிருந்தவங்களுக்கு ஆரும் சோதனை வைக்கேல்லை. எனக்கு வைச்சவங்கள். எப்ப சுடக்கூடாது எண்டதுதான் முக்கால்வாசிக் கேள்வி," என்றார்.

நானும் அவரும் ஸ்காபரோவில் ஒரே அப்பாட்மென்ட் கட்டடத்தில் இருந்தோம். கார் ஓட்டுவது அவருக்குப் பிடிக்காது. எனக்கு வேறு வேலை இல்லை. அப்படித்தான் நான் சேர்ந்தேன். நான் துவக்கைத் தொட்டதில்லை. இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம், பெரும்பாலும் என் யாழ்ப்பாணத்து வேலிச் சண்டைகளை அளந்து, வேலை செய்ததால் காட்டுக்குள் வழி தவறமாட்டேன் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எனக்கு இருக்கவில்லை.

அந்த வேட்டையின் கடினம் எனக்கு மெல்லத்தான் விளங்கியது. இயற்கையில் பேடுதான் சேவலைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் பேட்டைப்போலக் குரல் கொடுத்து, சேவலை எதிர்த்திசையில் நடந்துவரச் செய்யவேண்டும். வசந்தத்தில் நெஞ்சிலே தாடி தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். அதன் கண்ணுக்கு ஒரு இமை அசைந்தாலும் தெரிந்துவிடும். அண்ணை ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசிப் பேட்டின் குரலை எழுப்புவார். "சேவையர், உது கலியாணம் பேசுற மாதிரி. மாப்பிளை பகுதி முறுக்கிக்கொண்டு நிக்கும். நாங்கள் கனக்கக் கூப்பிட்டால் எங்கடை மதிப்புப் போச்சு," என்பார்.

இன்னொரு தந்திரமும் உண்டு. விடியுமுன் ஆந்தை போல அலறினால், மரத்தில் உறங்கும் சேவல் திடுக்கிட்டுப் பதில் குரல் கொடுக்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அண்ணை இதைப் பல்கனியில் நின்று பழகினார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அன்ரி வந்து கதவைத் தட்டினார். "பிலோமினா, இந்தக் கட்டடத்திலை ஒரு ஆந்தை அலறுது. ஆருக்கோ காலம் கிட்டிட்டுது போல. கந்தசஷ்டி கவசம் போட்டுவிட்டனான், அப்பவும் நிக்குதில்லை," என்றார். அக்கா உள்ளே திரும்பி, "கேட்டியளோ, உங்களுக்குத்தான் சொல்லுறா!" என்றார். அதற்குப் பிறகு அண்ணை என் காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பழகினார். என் காதுகள் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

முதல் வேட்டை நாளில் நான் வழக்கம்போலக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்துக்கொண்டு வந்தேன். புறப்படும் காரியம் நல்லபடி முடியட்டும் என்ற எண்ணம்தான். காரின் வெளிச்சத்தில் அண்ணை என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது. அந்த நிறங்களைக் காட்டுக்குள் கொண்டுபோனால் வேறு வேட்டைக்காரர் தவறாகச் சுட்டுவிடக்கூடும். "ஐயோ சேவையர், பத்தைக்குள்ளாலை நெத்தியை நீட்டினால் அச்சொட்டாச் சேவல்தான்! சிவபெருமானும் காப்பாத்தமாட்டார்!" என்றார். ஆனால் அதை அழிக்கும்படி அவர் சொல்லவில்லை. தன்னுடைய பச்சை முகவலையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, தன் முகத்துக்குக் காரிலிருந்த பழைய மண்ணிறச் சால்வையைச் சுற்றிக்கொண்டார்.

ஒஷாவாவுக்கு வடகிழக்கே மேடும் பள்ளமுமான ஒரு பண்ணையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. சொந்தக்காரி வயதான ஒரு விதவை. முன்னர் வந்த யாரோ அவருடைய மாட்டைக் காயப்படுத்தியதால் வேட்டைக்காரர்களை வெறுத்தவர். அண்ணை துவக்கில்லாமல் மூன்று முறை போய், மூன்றாம் முறை அக்கா சுட்ட கேக்கும் கொண்டுபோய்க் கேட்டார். அந்த அம்மா கையை நீட்டிக் காட்டி, "அந்த வேலி வரைக்கும்," என்றார். அவ்வளவுதான் உடன்பாடு.

இரண்டு வசந்தங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். ஒருமுறை சேவல் எங்களுக்குப் பின்னால் வந்து நின்று கத்திவிட்டு ஓடியது. ஒருமுறை உண்மையான பேடு ஒன்று வந்து அதைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "அண்ணை, கோழி அம்பிட்டுதோ, இல்லாட்டிக் கடையிலை வாங்கிறியளோ?" என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வரும் வழியில் சிரிக்கமாட்டார்.

சென்ற வருடம் நிலைமை வேறு. குளிர்காலத்தில் அவருடைய இதயம் பழுதுபட்டிருந்தது. அந்த வசந்தத்துக்குப் பிறகு காடு மேடு ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கும் எனக்கும் தவிர வேறு எவருக்கும் இது தெரியாது. பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை காரில் ஏறியதும், "இண்டைக்கு இல்லையெண்டால் இல்லை, சேவையர்," என்றார். வழியெல்லாம் நான் அந்தப் பறவை வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓட்டினேன். ஒரு உயிரைக் கொல்ல உதவும்படி தெய்வத்தைக் கேட்கலாமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது.

விடியலில் அண்ணை ஆந்தையாக அலறினார். சரிவின் கீழிருந்து பதில் வந்தது. அந்தக் குரலைக் கேட்டிராதவர்களுக்கு எப்படிச் சொல்வது? காலின் கீழே நிலம் கனைப்பதுபோல இருக்கும். ஒரு பெரிய மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். அவர் பெட்டியை மெல்ல உரசினார். சேவல் பதில் சொன்னது. அவர் நிறுத்தினார். அது கிட்ட வந்து மறுபடி கேட்டது. இப்படி ஒரு மணி நேரம் போயிருக்கும். பிறகு அது வெளியே வந்தது. வாலை விசிறியாக விரித்து, செட்டையை நிலத்தில் உரசி, வெயிலில் செம்பு போல மினுங்கிக்கொண்டு நின்றது. தாடி முழங்காலைத் தொட்டது. தூரம் சரி. குண்டு தவறினாலும் பின்னால் வெறும் மண்மேடு.

ஆனால் அது வேலிக்கு அப்பால் நின்றது.

"வாடா ராசா," என்று அண்ணை முகச்சால்வைக்குள் முணுமுணுத்தார். "ஒரு எட்டு. ஒரேயொரு எட்டு வா." சேவல் வேலியோரம் அங்குமிங்கும் நடந்தது, தாண்டவில்லை.

அப்போது என் தொழில் என்னுள் விழித்துக்கொண்டது. முந்திய வருடமே நான் கவனித்திருந்தேன்: வேலிக்கு அப்பால் புல்லுக்குள் நில அளவையாளர் எல்லைக் குறியாக அடித்த இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. சேவல் அந்தக் கம்பிக்கு இப்பால்தான் நின்றது. என் வாழ்நாளில் இவ்வளவு துணிவாக நான் எதையும் சொன்னதில்லை.

"அண்ணை, எல்லை உந்த வேலி இல்லை. கம்பி அங்காலை கிடக்கு. அது எங்கடை பக்கம்தான் நிக்குது."

அண்ணை தலையைத் திருப்பவில்லை. "யாழ்ப்பாணத்தானே," என்றார் மெல்ல. "கனடாவுக்கு வந்தும் வேலியைத் தள்ளிப் போடுறீரோ?"

"கண்ணாலை அளந்து சொல்லுறன், அண்ணை."

"மனிசி காட்டினது வேலியை. கம்பியை இல்லை."

சேவல் இன்னும் சற்று நேரம் நின்றது. பிறகு விசிறியை மடக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், வந்த வழியே சரிவில் இறங்கியது. மதியம் வரை காத்திருந்தோம். அது திரும்பவில்லை.

நன்றி சொல்லப் பண்ணை வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணை சொன்னார். அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "அது என் தம்பியின் நிலம். நீங்கள் சுட்டிருக்கலாமே. அவன் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான்," என்றார். அங்கேயே தம்பிக்கு ரெலிபோன் எடுத்துப் பேசிவிட்டு வந்து, அடுத்த வசந்தத்தில் வேலியின் இரண்டு பக்கமும் வரலாம் என்றார். அண்ணை மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார். அடுத்த வசந்தம் இல்லை என்று சொல்லவில்லை.

காருக்குள் ஏறியதும் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அடப் பாவி மனிசி! தம்பியெண்டு முதலே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார். பிறகு கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். நெடுஞ்சாலை வந்ததும் அமைதியாகி, "கேட்டுட்டுச் சுடுறது வேறை, சேவையர். சுட்டுட்டுக் கேக்கிறது வேறை," என்றார். விட்பி நகரைத் தாண்டும்போது பக்கவாட்டில் பார்த்தேன். எதையும் இழந்தவரின் முகமாக அது இல்லை. "ஒரு மணித்தியாலம் என்னோடை கதைச்சவன். மன்னார்த் தபாற்கந்தோரிலைகூட ஒருத்தரும் அவ்வளவு நேரம் எனக்குக் காது குடுத்ததில்லை," என்றார்.

கம்பியைப் பற்றிய என் கணிப்புச் சரிதானா என்று நான் பிறகு போய் அளக்கவில்லை. சரியாக இருந்தாலும் அவர் செய்தது மாறியிருக்காது.

அஞ்சலி மண்டபத்தில் சவப்பெட்டிக்குக் கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: "சேவையர், மனிசன் கடைசியிலை ஒரு கோழியாவது சுட்டவரோ?" சபையில் வாய் திறக்காதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். "இல்லை," என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "ஒண்டும் சுடேல்லை. சுட்டிருக்கலாம். நான் பக்கத்திலை இருந்தனான்." பிறகு முழுவதையும், இங்கே எழுதியதைப் போலவே, நின்றபடி சொன்னேன். கேட்டவர்கள் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு சத்தம். சேவல் எங்கள் கண்முன்னே நெஞ்சை நிமிர்த்தி நின்றபோதே, அவர் துவக்கின் பாதுகாப்புப் பூட்டைத் திரும்பப் போட்டார். ஒரு சுள்ளி முறிவதுபோன்ற சின்னச் சத்தம். அவ்வளவு கிட்ட இருந்தவன் நான் ஒருவனே. அதை வேறு எவரும் கேட்டதில்லை.