லமினேற் பண்ணிய தண்டத் துண்டு

என் கணவர் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். கொக்குவில் சந்திக்குக் கிட்ட, வெங்காயம் ஏற்றிப்போன உழவு இயந்திரத்தின் பின்னால் ஊர்ந்து பொறுமை கெட்டு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்தினார். பொலிஸ்காரர் மறித்து லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டத் துண்டைக் கொடுத்தார். பதினான்கு நாளைக்கு அந்தத் துண்டுதான் லைசன்ஸ். அதற்குள் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டி ரசீதைக் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். தவறினால் வானைத் தொடக்கூடாது. ஒரு கிழமை வான் நின்றால் போதும், தாய்மார் பிள்ளைகளை வேறு வானில் ஏற்றிவிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த மனுசன் அன்று பின்னேரமே என்ன செய்தார் தெரியுமா? கடைக்குப் போய்த் துண்டை லமினேற் பண்ணிக்கொண்டு வந்தார்.

"வேர்வையிலை ஊறிப்போயிடும். அதுதான்" என்றார். பெரிய புத்திசாலி.

எங்கள் வீட்டில் இது ஒரு வியாதி. பிறப்புப் பத்திரம் முதல் கலியாணப் பதிவு வரை எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் மினுங்குகின்றன. கரண்ட் பில்லைத்தான் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்.

"இண்டைக்காவது கட்டுங்கோ" என்று நாள்தோறும் கத்தினேன். காலையில் பிள்ளைகளை ஏற்ற வேண்டும், மத்தியானம் இறக்க வேண்டும், இடையில் துரைக்குக் கண் அயர வேண்டும். கடைசி நாள், வெள்ளிக்கிழமை, நானே இழுத்துக்கொண்டு போனேன்.

தபாற்கந்தோரில் இருந்த பிள்ளை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணை, உதிலை நான் என்னெண்டு எழுதிறது? எங்கை சீல் குத்திறது?"

"பொறும் பிள்ளை, உரிச்சுத் தாறன்" என்று கத்தரிக்கோல் வாங்கி ஓரத்தை வெட்டி உரித்தார். எழுத்தெல்லாம் பிளாஸ்டிக்கோடு போனது. கையில் மிஞ்சியது வெறும் தாள்.

"உங்கடை மூளையையும் கொண்டுபோய் லமினேற் பண்ணுங்கோ!" என்று வெடித்தேன். வரிசையில் நின்ற சனம் சிரித்தது.

பொலிஸ் நிலையத்துக்கு ஓடினோம். ஏச்சு விழப்போகிறது என்று நான் ஒடுங்கி நிற்க, அதிகாரி மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே லமினேற் பண்ணிய தண்டத் துண்டுகள் ஒரு கட்டு. எங்களுடையதையும் அதற்குள் போட்டுவிட்டு, தங்களிடமிருந்த பிரதியைப் பார்த்துப் புதுத் துண்டு எழுதித் தந்தார். தபாற்கந்தோர் பூட்டுகிற நேரத்தில் தண்டத்தைக் கட்டி, மூச்சிரைக்கத் திரும்பிவந்து ரசீதை நீட்டினோம்.

லைசன்ஸைக் கொடுத்தபோது சிங்களவரான அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "ஏன் இங்க ஆக்கள் மட்டும் இப்பிடிச் செய்யிறது?" நக்கல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினார்.

நான் வாய் திறப்பதற்குள் கணவர் சொன்னார். "சண்டை நேரம் இடம்பெயர்ந்து போகேக்கை ஒருக்கா எல்லாம் நனைஞ்சு போச்சு, சேர். பிறகு நாங்கள் ஆரெண்டு காட்ட ஒரு துண்டும் இல்லை."

அதிகாரி லாச்சியை மெதுவாகச் சாத்தினார். திங்கட்கிழமை வான் ஓடும். ஏசுவதற்கென்று வைத்திருந்த மிச்சத்தை நான் விழுங்கிக்கொண்டேன்.