ஜெனிட்டா சேர்த்த விதி

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழும் சத்தம்... எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர் லேப் என்றால் எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட். நானும் ஜெனிட்டாவும் ஒரே டீம். எனக்குப் பொன்னமராவதி. அவளுக்கு ஜெகதாப்பட்டினம், அவள் அப்பா சொந்தமாக விசைப்படகு வைத்து மீன் பிடித்தவர்.

ஒரு வேலையை எந்த வரிசையில் செய்து முடிப்பது என்கிற திட்டமிடல் கணக்கை லாஜிக் புரோகிராமாக மாற்ற வேண்டும். இப்போது என்ன நிலை, என்னென்ன செய்யலாம், கடைசியில் என்ன வேண்டும்... எல்லாவற்றையும் விதிகளாக எழுதிக் கொடுத்தால், சால்வர் என்கிற மென்பொருள் வழியைத் தேடித் தரும்.

கணக்குக்கு அவள் ஊர்த் துறைமுகத்தையே எடுத்துக்கொண்டோம். ஆறு படகு. ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, மீன் பிடித்து, ஆறும் கரை திரும்ப வேண்டும்.

சந்தேகம் வந்தால் அப்பாவுக்குப் போன் போடுவாள். "ஏப்பா, ஐஸ் மொதல்லயா, டீசல் மொதல்லயா?" அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மூன்று வாரத்தில் புரோகிராம் ஓடியது. அன்றைக்குத்தான் அவள் இன்னொரு விதியைச் சேர்த்தாள். நடுக்கடலில் எந்தப் படகும் இலங்கை நேவியிடம் பிடிபடலாம்; பிடிபட்டது திரும்பாது.

ரன் செய்தோம். 'அன்சாடிஸ்ஃபையபிள்' என்று வந்தது. என்ன நடந்தாலும் ஆறும் திரும்பும்படி ஒரு வழி கிடையவே கிடையாது என்று அர்த்தம்.

"அத எடுத்துருடி. வைவால என்னத்தக் காட்டுறது?" என்றேன்.

"நடக்குறதத்தானடி எழுதிருக்கேன்" என்றாள்.

பிறகு அவளே அந்த விதியை அழித்தாள்.

வைவாவுக்கு நாலு நாள் இருந்தது. எல்லை தாண்டியதாகச் சொல்லி அவள் அப்பாவைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போன் செய்தேன். "நீ பாத்துக்கடி. அம்மாவ விட்டுட்டு என்னால வர முடியாது. இங்க யாரும் சாப்பிடக்கூட இல்ல" என்றாள்.

வைவாவில் நான் மட்டும் நின்றேன். திரையில் ஆறு படகும் வரிசையாகக் கரை சேர்ந்தன. எக்ஸாமினர் "வெரி குட்" என்றார். எனக்கு நல்ல மார்க். அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட். அவளுக்கு என்ன ஆனது என்று அவரிடம் நான் சொல்லவில்லை... சொல்லியிருக்கலாம்.

பல மாதம் கழித்து அவள் அப்பா விடுதலையாகி வந்தார். படகு வரவில்லை. இவள் இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அடுத்த தடவை வந்து வைவாவை முடிக்கிறேன் என்றவள் வரவேயில்லை. பிறகு கல்யாணம்.

இப்போது நான் சென்னையில். பிழைப்பே இந்த வேலைதான். அன்று இரண்டு பேர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை, இன்று ஒரு டூல் சில நொடியில் மாற்றித் தந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சண்டை போட யாரும் தேவையில்லை.

போன மாதம் அவள் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாளாம்.

"நீங்க யாருங்க?"

"அம்மாகூட காலேஜ்ல படிச்சேம்மா."



"எங்கம்மா காலேஜெல்லாம் படிச்சாங்களா?" என்று கேட்டது அந்தப் பிள்ளை.