கழுகு பார்த்த திசை

அசலா போலியா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. ஸகாடேகாஸ் நகரில் முப்பது வருஷமாக மற்றவர்களின் நாணயங்களை லென்ஸில் பார்த்து மார்க் போடுகிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் போடாத மார்க்கையெல்லாம் வெள்ளிக் காசுகளுக்கு வாரி வழங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: கீழே எழுதியிருப்பது அசல். நானாக ஒரு கீறல்கூடப் போடவில்லை.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை மதியம். மிளகாய் அடைத்த சோள ரொட்டியைக் கடித்துக்கொண்டு கண்ணில் நீரோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். தோன்யா ஒப்துலியா வந்தார்; மரியாதைக்கு ஆண்களைத் தோன், பெண்களைத் தோன்யா என்பது எங்கள் ஊர் வழக்கம். அவருடைய ஒரே மகன் உலீசெஸ் காணாமல் போய் மூன்று வருஷம். காணாமல்போன பிள்ளைகளை யாராவது கொன்று புதைத்திருப்பார்களோ என்று, சனிக்கிழமைதோறும் மண்வெட்டியோடு மலைகளுக்குப் போய்த் தோண்டித் தேடுகிற அம்மாக்களில் இவரும் ஒருவர்.

கைக்குட்டையைப் பிரித்து ஒரு பழைய வெள்ளிப் பேசோ நாணயத்தை வைத்தார். வழக்கம்போலக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்ல வெள்ளி ஒட்டாது. ஆனால் காசில் பொறித்திருந்த கழுகின் இறக்கை மேல், பழுப்பாக, ஒரு கட்டைவிரல் ரேகை.

"அடடா, யாரோ கைய வச்சுக் கெடுத்துட்டாங்களே! இது மட்டும் இல்லேன்னா அறுபத்தஞ்சு மார்க் போட்டிருப்பேன்."

"கெடுத்தது என் புள்ளதான், தோன் ஃபெர்மீன். அவன் ஞானஸ்நானத்துக்கு வந்த காசு. காணாமப் போறதுக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்துட்டு வச்சான். அவன் கை பட்ட அடையாளம்னு இது ஒண்ணுதான் இருக்கு. அழியாம மூடிக் குடுங்க."

லென்ஸைக் கீழே வைத்தேன்.

"இப்ப எத்தன மார்க்கு?" என்றார்.

"நூறு, தோன்யா."

எங்கள் தொழிலில் எழுபதுக்கு மேல் மார்க்கே கிடையாது.

கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டியில் காசை வைத்தேன். சுற்றிலும் ரப்பர் வளையம், குலுக்கினாலும் அசையாது. கழுகின் தலை நேர் மேலே. ஒட்டி மூடி, கடையின் இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். பசை காய வேண்டும், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

மாலை 6.40. கடை மூடும் நேரம். இரும்புப் பெட்டியைத் திறந்தேன். கழுகு சாய்ந்திருந்தது.

என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் பெட்டியை வெளியே எடுத்து, தலை மேலே வரும்படி திருப்பி மேஜையில் வைத்தேன். விளக்கை அணைக்கக் கை நீட்டினேன்.

க்ரிச்...

வெள்ளி ரப்பரில் உரசும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். கழுகின் தலை ஜன்னல் பக்கம் இருந்தது.

பெட்டியை அரை வட்டம் திருப்பினேன்.

க்ரிச்...

மறுபடி ஜன்னல் பக்கம்.

காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுபோனேன். காந்தம்தான் கை நழுவிக் கீழே விழுந்தது. காசு அசையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மழை. மழைக்குப் பின்னால், வடக்கே, மொட்டைக்குன்று. அந்தப் பக்கம் வேறெதுவும் இல்லை.

போன் செய்தேன்.

"தோன்யா... சிரிக்காதீங்க. உங்க காசு... தானா திரும்புது."

அவர் சிரிக்கவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார்.

சனிக்கிழமை அம்மாக்களோடு நானும் ஏறினேன். பாதிக் குன்றில் எனக்கு மூச்சு முட்டியது. "தோன் ஃபெர்மீன், உங்களையும் இங்கேயே பொதைக்க வச்சிடாதீங்க," என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கற்றாழைப் புதரருகே பெட்டிக்குள் காசு சுழல ஆரம்பித்தது. யாரும் சிரிக்கவில்லை.

தோண்டினார்கள். உலீசெஸ் அங்கேதான் இருந்தான்.

ஊருக்குத் தெற்கே, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. நான் அழுததைப் பார்த்து தோன்யாதான் என்னைத் தேற்றினார். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் காலை, அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இன்னும் திரும்புது."

"மகனோட கல்லறையப் பாக்குதா?"

"இல்ல."

பார்த்தேன். வடக்கே. மொட்டைக்குன்று.

லென்ஸை எடுத்தேன். ஒட்டு பிரியவில்லை. நான் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. இறக்கை மேல் உலீசெஸின் ரேகையும் அப்படியே.

அதன் பக்கத்தில் இன்னொரு ரேகை.

புதியது.

மிகச் சின்னது. ஒரு குழந்தையின் விரல்.

அன்றைக்கே போலீஸில் விசாரித்தோம். இந்த ஊரில் எந்தக் குழந்தையையும் காணவில்லை என்று இதுவரை யாரும் சொல்லவில்லையாம்.