குளிர்காற்று மேசைக்குப் போட்ட துண்டு

எண்பதுகளின் கடைசியில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஆபரேட்டராக இருந்தேன். மூலையில் பெரிய பெட்டி, அதற்கென்று ஒரு திரை. அதிலிருந்து ஒயர் இழுத்து இரண்டு மேசைகளில் இரண்டு திரைகள். ஒரு மேசையில் ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும். இன்னொன்றில் ஜன்னல் வெயில் அடிக்கும். வேலைக்கு நானும், திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஓர் அண்ணனும். எங்களுக்கு மேலே முதலாளி. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்த ஒரே பாகம் மெயின் சுவிட்சு.

அந்தப் பெட்டியை நினைத்தபடி அணைத்துவிட முடியாது. நாம் அடிப்பதை அது உடனே டிஸ்க்கில் எழுதாது. கொஞ்ச நேரம் மனசிலேயே வைத்திருக்கும். அதனால் சாயங்காலம் முதலில், காலையில் தங்கள் பெயரை அடித்து மிஷினுக்குள்ளே போனவர்கள் எல்லாரும் பெயரை எடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். பிறகு எங்கள் கோப்புகள் இருக்கிற டிஸ்க்கைக் கழற்றச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். கழற்றுவது என்றால் ஸ்க்ரூ டிரைவரால் அல்ல. எழுத வேண்டியதை எழுதி முடித்து நோட்டை மூடுவது போல. கடைசியாகப் பெட்டியையே நிற்கச் சொன்னால், அணைக்கலாம் என்று எழுதிக் காட்டும். அப்புறம்தான் சுவிட்சு. மெட்ராஸ் என்ஜினியர் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

நானும் தாளில் இருந்தபடியேதான் செய்தேன். அண்ணன் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, அவருடைய திரை இருட்டாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டளை கொடுப்பேன். "பிஸி" என்று ஒரே வார்த்தை வரும். டெலிபோன் எங்கேஜ்டாக இருந்தால் என்ன செய்வோம்? பொறுத்து மறுபடியும் சுற்றுவோம். அப்படித்தான் நானும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பேன். அதற்குள் முதலாளி கையில் பூட்டோடு வந்து, "இன்னாம்மா, அதுக்குத் தாலாட்டா பாடிக்கினு கீற?" என்று சுவிட்சைத் தட்டிவிடுவார்.

அதன் பலன் காலையில் தெரியும். நேற்று தன்னை முறையாக நிறுத்தவில்லை, உள்ளே சுத்தம் செய்யட்டுமா என்று பெட்டி கேட்கும். செய் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். முடிந்து பார்த்தால் சில கோப்புகள் பெயரிழந்து, வெறும் நம்பரோடு ஒரு மூலையில் கிடக்கும், தேர்த் திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி. சில அங்கேயும் இருக்காது.

முதலாளி மகள் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரிகளை ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. ஒருநாள் காலையில் முகையூர்ப் பங்காளிகள் மொத்தப் பேரையும் காணோம்.

"பங்காளிய விட்டுட்டுப் பந்தல் போட முடியுமா? நாளைக்குக் காலையிலயும் இப்பிடி ஆச்சின்னா, நீ பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கே போய்டும்மா."

"மிஷின்லதான் இன்னாவோ கோளாறுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

பழமொழி என்றால் எனக்கு உயிர். ஆனால் அது நம் தலையிலேயே வந்து விழும்போது ரசிக்க முடிவதில்லை. அன்றைக்கு முழுக்க முகையூர்க்காரர்களைத் திரும்ப அடித்தேன். முதலாளி பெட்டியின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கட்டளை கொடுத்தேன். பிஸி. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன், சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். முதல் வரியே, எல்லாரும் வெளியே வர வேண்டும் என்பதுதான். முதலாளி வர இன்னும் கால் மணி இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

திண்டிவனம் பஸ் வந்து நின்றிருந்தது. அண்ணன் எக்கி நின்று ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மிஷின்லேர்ந்து உங்க பேர எடுத்துட்டு வந்தீங்களா?"

"அத ஏன் எடுக்கணும்? தெரைய மட்டும் அணைச்சிட்டு வந்துடுவேன், பேரு உள்ளயே கெடக்கும். பஸ்ஸுக்குத் துண்டு, அதுக்குப் பேரு. இல்லன்னா காலையில நீ மொதல்ல வந்து ஏ.சி. காத்துல குந்திக்குவியே!"

"சாயங்காலமே கரண்ட நிறுத்திடுறோமே, பேரு எங்கண்ணே இருக்கும்?"

"மூணு மாசமா ஒரு நாளாச்சும் எடம் போச்சா?"

போகவில்லைதான். அவர் பெயர் உள்ளே கிடந்ததால் டிஸ்க் கழலவில்லை. டிஸ்க் கழலாததால் காலையில் சுத்தம். நான் அதற்குக் காவல் இருக்கும்போதே திண்டிவனம் பஸ் வந்துவிடும், ஏ.சி. மேசை அவருக்கு. துண்டு வேலை செய்கிறது என்று அவர் நம்பியதில் குற்றம் சொல்ல முடியாது.

"ஜல்தி வாங்கண்ணே, என் வேல போவுது!"

"துண்டு போட்டிருக்கேம்மா!" என்று புலம்பிக்கொண்டே வந்தார். வந்து, தன் பெயரை வெளியே எடுத்தார். நான் கட்டளை கொடுத்தேன். ஒரு பதிலும் இல்லை. நலமாக இருந்தால் வாய் திறக்காது அந்த மிஷின். குறை இருந்தால்தான் பேசும். சில மாமனார்களும் அப்படித்தான். அதற்குள் பூட்டோடு வந்துவிட்ட முதலாளியின் கை சுவிட்சுக்குப் போனது. "இருங்க!" என்று கத்தினேன். நிற்கச் சொல்லும் கட்டளையையும் கொடுத்து, இனிமேல் அணைக்கலாம் என்று திரையிலேயே எழுத்து வந்த பிறகுதான் விட்டேன். அண்ணன் திரும்பிப் போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. துண்டு மட்டும் சீட்டில் உட்கார்ந்து திண்டிவனம் போனது.

மறுநாள் காலையில் பெட்டி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகையூர்ப் பங்காளிகள் ஒருவர் விடாமல் இருந்தார்கள். முதலாளி எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. வேலை நிலைத்தால் போதும். ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் வந்தபோது நான் ஏ.சி. காற்றில் குந்தியிருந்தேன்.

"அநியாயம்மா இது," என்றார்.

அன்று சாயங்காலம் ஒழுங்காகப் பெயரை எடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு புதுத்துண்டை உதறி அந்த நாற்காலியில் போட்டார்.

"இது டிஸ்க்க ஒன்னும் பண்ணாதே?"

"பண்ணாதுண்ணே."

அதற்கப்புறம் வெயில் மேசைதான் எனக்கு. போட்ட துண்டை எடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.