நூல் சுற்றிய மோட்டார் சைக்கிள்

என் மருமகள் இருந்தாள். எதிர்வீட்டு டீச்சர் இருந்தார். தண்ணீர் லாரிக்காரர் இருந்தார். நான் இருந்தேன். போன வாரம் எங்கள் வாசலில் இவ்வளவு பேர்தான்.

மருமகள் வேலைக்குக் கிளம்பி ஸ்கூட்டரைத் திருப்பினாள். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், ஜல்லி சிதறிக் கிடந்தது. வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆள் நடக்கிற வேகம்தான். முன்சக்கரம் வழுக்கி வண்டி அவளோடு சாய்ந்துவிட்டது. டீச்சர் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். லாரிக்காரர் கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு வந்து, "எம்மா, எங்கயாச்சும் அடிபட்டுச்சா?" என்று முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் நேராக ஸ்கூட்டருக்குப் போய், கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று தடவினேன்.

"ஏன் அத்தே, வண்டியத்தான் பாப்பீகளா?" என்றாள் மருமகள், தரையில் உட்கார்ந்தபடியே. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கை வண்டி மேலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

பெட்ரோல் சொட்டி வாடை வந்தது. பெட்ரோல் வாடை அடித்தால் எனக்குக் கூடவே சாய வாடையும் அடிக்கும். இப்போது எங்கள் தெருவில் சாயம் ஏது? ஆனாலும் அடிக்கும். இதே இடத்தில் இருந்த பழைய வீட்டில் ரெண்டும் ஒரே அறையில் கிடந்தவை.

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ரெண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர், ஒன்றில் நான். குழித்தறி. குழிக்குள் காலை இறக்கி, மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை வலித்தால் எப்படியாவது சமாளிக்கலாம். கால் போனால் தறி நின்றுவிடும். என் தறி நின்றால் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரரும் என் அக்கா புருஷனும் கூட்டாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். பழசு. விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி ஓட்டிக் கழித்தது. முதல் வாரம் டேங்க் மூடியைத் திறந்தால்கூட வத்தல் நெடி வந்தது என்று அத்தான் சொல்வார். நம்ப வேண்டாம், அவர் அப்படித்தான் பேசுவார்.

ஒரு வாரம் வண்டி எங்கள் வீட்டில். மறு வாரம் அவர்கள் வீட்டில். கை மாறும்போது மாடு வாங்குகிறவர் மாதிரி அத்தான் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்.

"என்ன சகல, இந்தக் கீறல் முந்தி இல்லையே?"

"அது ஒங்க வாரத்துல விழுந்தது சகல. நாந்தான் பெரிய மனுசனா இருந்துட்டுப் போவம்னு சொல்லல."

கனமான வண்டி. ஓடும்போது விழாது. நிற்கும்போதுதான் விழும். மழை பெய்தால் கரிசல் மண்ணில் ஸ்டாண்டு சோற்றில் விரல் போகிற மாதிரி இறங்கிவிடும். வீரசோழன் போகிற வழியில் ஒரு துட்டி வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் நிறுத்தியிருக்கிறார். அது தானாகச் சாய்ந்து, அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம். அதிலிருந்து ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்தார். வண்டி வீட்டுக்குள் படுக்கும். இடம் போதாமல் நாங்கள் தெருவில் படுப்போம்.

கீறல் விழாமல் இருக்க அக்காதான் வழி சொன்னாள். "நம்மகிட்ட நூலுக்கா பஞ்சம்? சுத்தி விட்ருவம்டி."

தறியில் கழிந்த வெள்ளை நூலைச் சேர்த்து முறுக்கினோம். முன்னால் இருக்கிற காப்புக் கம்பி, பின்னால் கால் வைக்கிற கம்பி, ஹேண்டில் முனை, எல்லாவற்றுக்கும் சுற்றினோம். அக்கா சுற்றினால் இடையில் ஊசி போகாது. சுற்றி முடித்ததும் மரத்திலிருந்து விழுந்து கட்டுப்போட்ட ஆள் மாதிரி நின்றது வண்டி. தெருவில் சிரித்தார்கள். நாங்களும்தான். சுற்றாமல் விட்டது பக்கவாட்டு ஸ்டாண்டு இரும்பை மட்டும்தான். அது மடங்க வேண்டுமே.

திருச்சுழியில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. அது எங்கள் வாரம். அக்காவும் அத்தானும் பஸ்ஸில் முந்திப் போய்விட்டார்கள். நான் வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். ரெண்டு பக்கமும் வேலிக்கருவை, முகத்தில் அனல் காற்று. நான் வண்டியிலிருந்து இறங்குவதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. பார்த்தார்கள்.

பந்தல் வாசலில் நிறுத்தினார். இடது காலை ஊன்றப் போனார். கால் வரவில்லை. காப்புக் கம்பியில் சுற்றிய நூல் வழியில் தளர்ந்து, அதன் முனை அவர் செருப்பில் சிக்கியிருந்தது. வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கியது. அவர் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டிலை இழுத்துப் பிடித்து, மெதுவாக, மெதுவாகச் சாய்த்தார், பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. தொட்டில் இருக்க வேண்டிய இடத்தில் என் கால் இருந்தது.

சத்தம்கூட வரவில்லை. பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்து தூக்கினார்கள். வண்டியை.

தூக்கி நிறுத்தி அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றார்கள். அத்தான் டேங்க்கைத் தடவினார். "டேங்கு தப்பிச்சிருச்சு சகல!"

"ஏங்க, காலு" என்றேன்.

"இருடி, லைட்டு ஒடஞ்சிருக்கான்னு பாத்துக்கிறேன்."

அக்கா ஓடி வந்தாள். கூடப் பிறந்தவள். என்னைத் தாண்டிப் போய், பின்னால் கால் வைக்கிற கம்பியைத் தடவினாள். "பாத்தியாடி, ஒரு கீறல் இல்ல! நூலு காப்பாத்திருச்சு!" முகமெல்லாம் சிரிப்பு. தடவிக்கொண்டே வந்த கை ஒரு இடத்தில் நின்றது.

"ஏன்டி, செவப்பு நூலயும் சேத்தா சுத்துன? சாயம் எறங்குது பாரு."

அத்தான் குனிந்து நூலை ரெண்டு விரலால் தேய்த்தார். "ஆமா, எறங்குது. கெட்டிச் சாயம் இல்ல."

என் வீட்டுக்காரரும் ஹேண்டிலைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். "வெள்ளைதானப்பா சுத்துனாக? செவப்பு எங்கிருந்து வந்துச்சு?"

நெசவுக்காரர்கள். நூலில் சிவப்பைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்? மூன்று பேரும் நின்று யோசித்தார்கள். நான் கீழே கிடந்து அவர்கள் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது சாயம் இல்லக்கா" என்றேன்.

அத்தான் தன் விரலைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என் காலைப் பார்த்தார். முட்டிக்குக் கீழே ஸ்டாண்டு நீளமாகக் கிழித்திருந்தது. அவர் முகம் அப்படி வெளுத்து அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ரெண்டு கையையும் விட்டுவிட்டார். வண்டி மறுபக்கம் விழுந்தது. இந்தத் தடவை பெரிய சத்தம். டேங்க் ஒரு கல்லில் மோதி உள்ளே போனது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிதிக்கிற காலுல்ல... ஐயோ, மிதிக்கிற காலுல்ல..." அக்கா சொல்லிக்கொண்டே தன் முந்தானையைக் கிழித்தாள். விசேஷத்துக்குக் கட்டின புதுச்சேலை. அவள் நெய்தது.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல் போட்டார்கள்.

என் தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றது. இவர் தன் தறியில் நெய்துவிட்டு, என் தறியிலும் இறங்கி நெய்தார். நான் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றினேன். மிதிக்க முடியுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வெயில் காலம் போய் மழை வந்த பிறகு ஒருநாள் நானாகக் குழியில் இறங்கினேன். இடது கால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. இவர் தன் தறியை நிறுத்திவிட்டு என் தறிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியில் சுற்றிய நூல் முழுவதையும் இவர் அரிவாளால் அறுத்து அடுப்பில் போட்டிருந்தார். டேங்க்கில் விழுந்த பள்ளத்தை நிமிர்த்தவே இல்லை. அத்தானும் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பதை விட்டுவிட்டார். நான் ஏறும்போதெல்லாம் இவர் ஒன்று சொல்வார்: "சாஞ்சா குதிச்சிரு. வண்டி கெடக்கு."

அந்த வண்டியை எடைக்குப் போட்டாயிற்று. தறி ரெண்டும் போயிற்று. குழியை மூடிச் சிமெண்டு பூசிய இடத்தில்தான் மருமகள் ஸ்கூட்டரை நிறுத்துகிறாள். சாயம் போட்டுக் காயவைக்கிற தெருவும் இல்லை. அத்தான் இல்லை. அக்கா இல்லை. அவரும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மருமகளுக்குச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். குனிந்து பார்த்தவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "எத்தன தையல் அத்தே?"

தையல் போடும்போது அவர் என் தலைமாட்டில் நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாமியைக் கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். நாளெல்லாம் இழை எண்ணுகிற மனுசன். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாம் முடிந்ததும் குனிந்து என் காதில் சொன்னார்.

பதினொண்ணு.