கல்லின் மேல் சிமெண்ட்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ் டயர் வெடித்து நிற்கிறது. எதிரே ஒரு பழைய கல் வீடு. ஒன்றரை முழத் தடிமனில் சுவர். கரடுமுரடான கற்களை ஒன்றோடொன்று பொருத்தி, இடுக்குகளில் சில்லுக்கல் செருகி எழுப்பியிருக்கிறார்கள். இந்த வெயிலிலும் வாசலில் நின்றால் உள்ளிருந்து குளிர்ச்சி முகத்தில் படுகிறது. அந்தச் சுவரில் கொத்தனார் சிமெண்டை அப்பிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இப்படிப்பட்ட கல்லை எதுக்கு மூடுறீங்க?" என்று பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரிடம் கேட்டே விடுகிறேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "கல்லு இடுக்குல தேளு குடியிருக்கு. எம் மகளை ரெண்டு வாட்டி கொட்டிருச்சு. நீங்க பாத்துட்டு பஸ்ஸு ஏறிப் போயிருவீக. நாங்கல்ல இதுக்குள்ள படுத்து எந்திரிக்கணும்."

கோபம் என் மேலேயே திரும்புகிறது. அதற்குள் கொத்தனார் ஈரச் சிமெண்டில் நூல் பிடித்து, ஆணியால் கட்டம் கட்டமாகக் கோடு கிழிக்கத் தொடங்குகிறார்.

"இது எதுக்கு?"

"கோடு போட்டாத்தான கல்லு வச்சுக் கட்டுன வீடு மாதிரி தெரியும்" என்கிறார் வீட்டுக்காரர். "டவுனுல எல்லாம் அப்படித்தான் போடுறாக."

டயர் மாற்றி முடிந்து கண்டக்டர் விசில் ஊதுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டுக்காரர் சொன்னபடியே பஸ் ஏறிப் போகிறேன்.